பன்னிரண்டு நாளில் மூன்று நாட்டுக் கோயில்கள்: ஒரு தரைவழிப் பயணத்தின் மதிப்புரை

பாங்காக்கில் தொடங்கி, வடகிழக்குத் தாய்லாந்து, தெற்கு லாவோஸ், வடக்குக் கம்போடியா வழியாகச் சென்று சியம் ரீப்பில் முடியும் பன்னிரண்டு நாள் தரைவழிப் பயணம் ஒன்றில் 2024 பிப்ரவரியில் நானும் என் அக்காவும் கலந்துகொண்டோம். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர், ஒரு வேன், நாட்டுக்கு ஒரு வழிகாட்டி. இதே வழித்தடத்தை இன்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ இதே வரிசையில் விற்கின்றன. ஆகவே எங்களை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், வழித்தடம் எப்படி, அதை நடத்திய முறை எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். பணமும் விடுப்பும் சேர்த்துவைத்து ஒருமுறைதான் இத்தகைய பயணம் போக முடியும் என்ற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாங்கள் தரைவழியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கோர் வாட்டை மட்டும் பார்ப்பதென்றால் விமானத்தில் சியம் ரீப் போய் மூன்று நாளில் திரும்பிவிடலாம். ஆனால் பழங்காலக் கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்கள் தங்கள் தலைநகரான அங்கோரிலிருந்து இன்றைய தாய்லாந்தில் உள்ள பிமாய் வரை 200 கிலோமீட்டருக்கும் அதிகமான நெடுஞ்சாலை ஒன்றை அமைத்திருந்தார்கள். வழிநெடுகக் கோயில்களும் குளங்களும் மருத்துவமனைகளும் இருந்தன. பயணிகள் தங்குவதற்கான, நெருப்புடன் கூடிய இல்லங்கள் 121 இருந்தன என்றும், அவற்றில் 17 அங்கோர்–பிமாய் சாலையில் இருந்தன என்றும் கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மனின், அங்கோரில் உள்ள பிரியா கான் கோயில் கல்வெட்டு கூறுகிறது. தலைநகரை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சாலை தெரியாது. எல்லையோரத்தில் தொடங்கித் தலைநகரை நோக்கி நகரும் வரிசைதான் இந்தப் பயணத்தின் உயிர். அதை வகுத்தவருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நாள் பாங்காக்கில், பெரிய ஊஞ்சல் கம்பத்தின் அருகே 1784-இல் எழுப்பப்பட்ட தேவஸ்தானத்திற்கு அழைத்துச் சென்றார்கள். அரசவைப் பிராமணர்களின் சிறிய கோயில் அது. திருவெம்பாவையின் பெயரை 'திரியம்பாவை' என்று இன்றும் தாங்கி நிற்கும் விழா அங்கேதான் நடைபெறுகிறது. தமிழர்களான எங்களுக்கு அந்த இடத்தில் ஒரு மணி நேரமாவது வேண்டியிருந்தது. கிடைத்தது இருபது நிமிடம். பிறகு இரண்டு மணி நேரம் ஒரு பட்டுத்துணிக் கடையில் கழிந்தது. பயணத்திட்டத்தில் அந்தக் கடை இல்லை. இதை நான் ஒரு குறையாகவே பதிவு செய்கிறேன், ஏனெனில் பின்னால் நேரம் போதாமல் தவித்த ஒவ்வொரு இடத்திலும் அந்த இரண்டு மணி நேரம் என் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஐந்து மணி நேரப் பயணத்திற்குப் பின் பிமாய். எங்களுக்கு வாய்த்த தாய்லாந்து வழிகாட்டி தொல்லியல் படித்தவர். அவரிடம் அவசரம் என்பதே இல்லை. கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியிருக்க, இது தெற்கு நோக்கி, அங்கோர் இருக்கும் பக்கமாக அமைந்திருப்பதை வாசலிலேயே நிறுத்திக் காட்டினார். வெளிப்புற வாசல்களின் மேற்கல்லில் இராமாயணம். இந்திரசித்தின் நாகபாசத்தில் கட்டுண்டு கிடக்கும் இராமனையும் இலக்குவனையும் வானரங்கள் சூழ்ந்து நிற்கும் காட்சி. உள்ளே கருவறையைச் சுற்றியுள்ள மேற்கற்களிலோ பௌத்தச் சிற்பங்கள். வெளித்திருச்சுற்றில் ஒரு சமயமும் உட்சுற்றில் இன்னொரு சமயமும் சண்டையின்றிக் கூடியிருப்பதை அவர் எங்களை நடக்கவைத்தே காட்டினார். உரை நிகழ்த்திக் காட்டவில்லை. விமானத்தின் வெண்மணற்கல் மாலை வெயிலில் எப்படி நிறம் மாறுகிறது என்பதற்காகவே மூடும் நேரம் வரை எங்களை அங்கே இருக்க விட்டார். கற்களைப் பிரித்து, எண்ணிட்டு, மீண்டும் அடுக்கி 1960-களில் இக்கோயில் புதுப்பிக்கப்பட்டது. எந்தக் கல் பழையது, எது புதிதாக வைத்தது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தை அன்று மாலை அவரிடம் கற்றுக்கொண்டேன். மீதிப் பயணம் முழுவதும் அது உதவியது.

பனோம் ரூங் அணைந்துபோன எரிமலையின் மேல் நிற்கும் சிவன் கோயில். தாமரை மொட்டு வடிவக் கற்கம்பங்கள் இருபுறமும் நிற்கும் 160 மீட்டர் நீள நடைபாதை, நாகப் பாலங்கள், பிறகு படிகள் என்று ஏறி வாசலை அடைந்தால், கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் பதினைந்து வாசல்கள் தெரிகின்றன. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உதிக்கும் சூரியன் அந்தப் பதினைந்தின் வழியாகவும் தெரியும் என்கிறார்கள். நாங்கள் போனது பிப்ரவரி. எனினும் காலை ஆறு மணிக்கே அழைத்துச் சென்றதால் கூட்டமில்லாமல் பார்த்தோம். கருவறைக்கு முன் நந்தி இருக்கிறது. அபிடேக நீர் வெளியேறும் கோமுகி, நம்மூர்க் கோயிலில் வடபுறச் சுவரோடு நின்றுவிடும். இங்கே அது ஒரு நீண்ட கல்வாய்க்காலாகத் திருச்சுற்றைக் கடந்து ஓடுகிறது. நடமாடும் சிவன் முகப்பில் இருக்க, அதற்குக் கீழே வாசல் மேற்கல்லில் திருமாலின் பள்ளிகொண்ட கோலம். இந்தக் கல் 1960-களில் காணாமற்போய், சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியவந்து, தாய்லாந்து மக்களின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பின் 1988-இல் திரும்பி வந்தது. உடைந்த ஓரங்களோடு, தான் இருந்த அதே வாசலின் மேல் அது மீண்டும் ஏறியிருக்கிறது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரல் சற்றே தழுதழுத்தது. அங்கே நின்ற உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், எங்கள் மொழி புரியாவிட்டாலும், அவர் எதைச் சொல்கிறார் என்று அறிந்து தலையசைத்தார்.

அடிவாரத்தில் முவாங் தாம் கோயில். அதன் நான்கு மூலைகளிலும் ட வடிவக் குளங்கள், கரை முழுதும் நாகத்தின் உடல், அல்லிப் பூக்கள். தெப்பக்குளத்தோடு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்காமற்போகாது. அருகிலேயே மேலே சொன்ன பயணிகள் இல்லங்களில் ஒன்று செம்புறைக்கல்லில் கட்டப்பட்டுச் சிறியதாக நிற்கிறது. வேனை நிறுத்தச் சொல்லாவிட்டால் கடந்து போயிருப்போம். பயணத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. வழிகாட்டி தம் விருப்பத்தால் காட்டினார்.

இங்கே வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். பனோம் ரூங்கிலிருந்து பழைய சாலை நேராகத் தெற்கே டங்ரெக் மலைத்தொடரின் கணவாயைக் கடந்து அங்கோருக்கு இறங்கியது. அந்த மலைத்தொடர் இன்று நாட்டெல்லை. எனவே நாங்கள் கிழக்கே உபோன் ராட்சதானி சென்று, சோங் மெக்கில் லாவோஸுக்குள் நுழைந்து, மேக்கோங் ஆற்றோடு தெற்கே இறங்கிக் கம்போடியாவுக்குள் போனோம். சுற்றுவழிதான், நேரம் அதிகந்தான். ஆனால் அந்தச் சுற்றில்தான் தெற்கு லாவோஸின் மலைக்கோயிலான வாட் பூ கிடைத்தது. பயணம் முழுவதிலும் என்னை மிகவும் ஆட்கொண்ட இடம் அதுவே.

சம்பாசக் ஊரிலிருந்து பார்த்தாலே மலையுச்சியில் ஒரு பாறை இயற்கையாக நிமிர்ந்து நிற்பது தெரியும். அதை இலிங்கமாகக் கண்டு, மலைக்கு இலிங்கபர்வதம் என்று பெயரிட்டு, அடிவாரத்தில் ஊரமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். மலையே இலிங்கம் என்பதைத் திருவண்ணாமலையில் கேட்டு வளர்ந்த நாங்கள் விளக்கம் எதுவும் தேவையில்லாமல் நின்றோம். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவானீகன் என்ற அரசனின் வடமொழிக் கல்வெட்டு, இங்கே அவன் அமைத்த தீர்த்தத்திற்குக் குருக்ஷேத்திரம் என்று பெயர் தருகிறது. அங்கோர் நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது புண்ணியத்தலம். இரண்டு பெரிய ஏரிகள், நீண்ட நடைபாதை, இருபுறமும் இரு மாளிகைகள், பிறகு சம்பா மரங்கள் கவிந்த, வேர்கள் கிளப்பிப்போட்ட செங்குத்துப் படிகள். உச்சியில் கருவறைக்குப் பின்னே பாறையிலிருந்து ஊற்று சொட்டுகிறது. அந்த நீரைக் கற்குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து இலிங்கத்தின் மேல் இடைவிடாமல் விழச் செய்திருக்கிறார்கள். இப்போது முன்மண்டபத்தில் புத்தர் இருக்கிறார். ஊற்றின் நீரை ஊர்மக்கள் இன்றும் புட்டிகளில் பிடித்துப் போகிறார்கள். பாறைச் சுவரில் மும்மூர்த்திகள் புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். ஓர் ஊற்றுக்காக ஒரு கோயில், அந்தக் கோயிலுக்காக ஒரு நகரம் என்ற ஒழுங்கு இங்கே மண்ணில் கால் வைத்து ஏறும்போது விளங்கியதுபோல் எந்த நூலிலும் எனக்கு விளங்கியதில்லை. கீழே இந்தியத் தொல்லியல் துறையும் சீரமைப்பில் பங்கெடுத்திருக்கிறது என்ற பலகையைப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

அறுபத்து நான்கு வயதான அக்காவுக்கு அந்தப் படிகள் கடினம். கைப்பிடி இல்லை, கற்கள் ஒரே உயரமில்லை. "எளிய நடை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது உண்மையல்ல. லாவோஸ் வழிகாட்டி ஒரு தடியை வெட்டிக் கொடுத்து, ஒவ்வொரு தளத்திலும் அவருடன் உட்கார்ந்து எழுந்து, ஒன்றரை மணி நேரத்தில் மேலே கொண்டுவந்து சேர்த்தார். அன்பான மனிதர். ஆனால் கோயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பிமாயில் தொடங்கிய கதையை அவர் கேட்டதே இல்லை; முந்தைய வழிகாட்டி எங்கே நிறுத்தினார் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு எல்லையிலும் வழிகாட்டி மாறுவது சட்டப்படி தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால் மூவருக்கும் ஒரே குறிப்பேட்டைக் கொடுப்பது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. மூன்று நாடுகளை இணைக்கும் பயணம் என்று விற்றுவிட்டு, இணைக்கும் வேலையைப் பயணிகளிடமே விட்டுவிட்டார்கள். என்னுடைய முதன்மையான மனக்குறை இதுதான்.

அடுத்த நாள் மேக்கோங் தீவுகளும் கோன் பபெங் அருவியும். இளைப்பாறுவதற்கு நல்ல நாள். அதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

லாவோஸிலிருந்து கம்போடியாவுக்குள் நடந்து கடந்த எல்லையில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். விசாவுக்கு என்ன படம், எந்த நாணயத்தில் எவ்வளவு என்பதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும். குழுவில் நால்வரிடம் கடவுச்சீட்டு அளவுப் படம் இல்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தண்ணீரும் குடையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்தான் பயணத்திட்டத்தின் பெரும் பிழை. ஒரே நாளில் பிரியா விகார், கோ கெர் இரண்டையும் முடித்து இரவு சியம் ரீப் சேரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். பிரியா விகார் டங்ரெக் மலையின் விளிம்பில், கம்போடியச் சமவெளிக்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிகரேசுவரர் கோயில். வடக்கே தாழ்வில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கோபுர வாசல்களைக் கடந்து, 800 மீட்டர் நீளத்திற்கு ஏறி ஏறிக் கருவறையை அடையவேண்டும். கருவறைக்குப் பின்னால் நிலம் முடிந்துவிடுகிறது. கீழே கண்ணுக்கெட்டிய வரை காடு. இயல்பான ஏற்றம் தாய்லாந்துப் பக்கமிருந்தும், கோயில் கம்போடியாவிலும் இருப்பதால்தான் இரு நாடுகளுக்கும் இடையே வழக்கே எழுந்தது. அனைத்துலக நீதிமன்றம் 1962-இல் ஒன்பதுக்கு மூன்று என்ற வாக்கில் கம்போடியாவுக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. 2008-இல் உலக மரபுச் சின்னமானது. நாங்கள் தெற்கிலிருந்து, செங்குத்தான கான்கிரீட் பாதையில் சிறு டிரக்கின் பின்புறம் அமர்ந்து ஏறினோம். பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்ட வாசலுக்கு அருகே மணல் மூட்டைகளும் காவலர்களும் இருந்தார்கள். கோயிலைக் கீழிருந்து முறையாக ஏறிப் பார்க்க மூன்று மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே கால் மணி.

அதனால் கோ கெருக்கு மாலை நான்கரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். நான்காம் ஜெயவர்மன் அமைத்த, 928 முதல் 944 வரை கெமர் அரசின் தலைநகராக இருந்த இடம் அது. ஏழு அடுக்கில் 36 மீட்டர் உயரத்திற்கு எழும் பிரமிடின் உச்சியில் ஒருகாலத்தில் பெரும் இலிங்கம் இருந்தது. காட்டுக்குள் இன்னும் எத்தனையோ கோயில்கள். அவற்றுள் ஒன்றில் வீமனும் துரியோதனனும் கதாயுதப் போருக்குப் பாயும் கணத்தில், பாண்டவரும் பலராமனும் சுற்றியிருந்து பார்க்கும்படி முழு உருவச் சிலைகளை வைத்திருந்தார்கள். திருடர்கள் கணுக்காலோடு வெட்டிக்கொண்டு போக, பீடத்தில் பாதங்கள் மட்டும் எஞ்சின. அந்தப் பாதங்களைக் கொண்டுதான் சிலைகள் இங்கிருந்து போனவை என்று நிறுவப்பட்டு, துரியோதனனும் வீமனும் 2014-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பினார்கள். பனோம் ரூங் மேற்கல்லின் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். இந்தக் கதையை அந்த இடத்தில் நின்று கேட்கவேண்டும் என்று எவ்வளவோ விரும்பினோம். இருட்டிவிடும் என்று பிரமிடை மட்டும் காட்டி வேனில் ஏற்றிவிட்டார்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதி என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருந்ததால், தனியே போய்ப் பார்க்கவும் துணியவில்லை. 2023-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஓரிடத்திற்கு ஐம்பது நிமிடம் என்பது எந்த வகையிலும் நியாயமில்லை. பிரியா விகார் அடிவாரத்து ஊரில் இன்னோர் இரவு தங்கவைத்திருந்தால் இரண்டும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

அங்கோர் வாட்டைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 49 மீட்டர் நீளப் பாற்கடல் சுவரின் முன் 88 தேவர்களையும் 92 அசுரர்களையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நேரம் கொடுத்தார்கள். மூன்று நாள் நுழைவுச்சீட்டின் 62 டாலரும் கட்டணத்திலேயே அடங்கியிருந்தது.

ஆனால் பந்தியாய் சிரே பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 967-இல், யஞ்ஞவராகர் என்ற அரசகுரு எழுப்பிய, இளஞ்சிவப்பு மணற்கல்லாலான சிறு கோயில். கிழக்குக் கோபுர முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு பக்கம் தாளம் கொட்டுபவர். மறுபக்கம் எலும்பும் தோலுமாக, மார்பு வற்றிய ஒரு பெண். கம்போடிய வழிகாட்டி, இளைஞர், எங்கள் இருவரையும் மட்டும் அருகே அழைத்து, "இந்த அம்மையார் உங்கள் ஊர்க்காரர்தானே, காரைக்கால்?" என்று கேட்டார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆடும் பெருமானின் அடிக்கீழ் இருக்கவேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் அம்மையார். திருவாலங்காட்டிலிருந்து இவ்வளவு தொலைவில், காட்டுக்கு நடுவே, அதே இடத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். பயணிகள் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று முந்தைய இரவே கேட்டுவைத்து, படித்துவிட்டு வந்தாராம். மூன்று வழிகாட்டிகளும் அப்படிச் செய்யவேண்டும் என்று நிறுவனமே கேட்டுக்கொள்ளலாம்.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. ஒருவருக்கு 2,150 டாலர் கட்டினோம். விமானமும் விசாவும் தனி. அறைகள் தூய்மையாக இருந்தன. ஓட்டுநர்கள் மூவரும் பொறுப்பானவர்கள். சைவ உணவு மட்டும் நம் பொறுப்பு. "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. மீன்சாறு எல்லாவற்றிலும் இருக்கும். தாய்லாந்தில் "ஜே" என்று கேட்டால் மீன்சாறும் இல்லாமல், பூண்டு வெங்காயமும் இல்லாமல் தருவார்கள். லாவோஸில் ஒட்டுஅரிசிச் சோறும் வாழைப்பழமுமாக இரண்டு நாள் ஓட்டினோம். ஊறுகாய்ப் புட்டி ஒன்று எடுத்துப் போனது அக்காவின் அறிவு.

பயணம் முடிந்ததும் கருத்துப் படிவத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன்: பட்டுக்கடையை எடுத்துவிட்டுத் தேவஸ்தானத்திற்கு அந்த நேரத்தைக் கொடுங்கள், மூன்று வழிகாட்டிகளுக்கும் பொதுவான குறிப்பேடு ஒன்றைத் தயாரியுங்கள், கோ கெருக்கு அரை நாள் ஒதுக்குங்கள். படிவத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது, அவ்வளவே.

இப்போது முன்பதிவு செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடிய இராணுவங்கள் டங்ரெக் மலைத்தொடரில் மோதிக்கொண்டன. பிரியா விகார் இருப்பது மோதல் நடந்த அதே எல்லையில். லாவோஸ் வழியாகச் சுற்றிப் போவதால் வழித்தடம் முழுவதும் அறுந்துபோவதில்லை. எனினும் பணம் கட்டும் முன், பிரியா விகாருக்கு அழைத்துப் போக முடியாத நிலை வந்தால் அந்த நாளில் எங்கே அழைத்துச் செல்வார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கோருக்கு முந்தைய, ஏழாம் நூற்றாண்டுச் செங்கற்கோயில்கள் நிற்கும் சம்போர் பிரெய் குக் என்று பதில் வந்தால் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். சியம் ரீப்பில் ஓய்வு என்று வந்தால், அந்த நாளைக் கோ கெருக்குக் கொடுக்கும்படி கேளுங்கள்.